மாத்திரையை வீசச் சொன்னார்கள்

ஆண்டவரை நம்பி இங்கே கூடியிருக்கும் என் சகோதர சகோதரிகளே, நான் எஸ்தர். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். சிலருக்கு நான் சொல்லப்போவது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் சொல்வேன்.

1962ஆம் வருடம் ஜூன் மாதம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. உயிரில்லாமலே பிறந்தது. அன்றிலிருந்து நானும் பாதி செத்துப்போனேன். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்கும். எழுந்திருக்க முடியாது. மூத்த மகள் வந்து பசிக்கிறது என்பாள். காதில் விழும், மனதில் விழாது. ஒரு நாள் ஆற்றோரம் போனேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கில்லை. என் வீட்டுக்காரர் ஞானமுத்து தேடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மறுநாளே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினார்.

அங்கே டாக்டர் மனச்சோர்வுக்குச் சின்ன மாத்திரை கொடுத்தார். குறைந்த அளவுதான், தினம் மூன்று. இரண்டு மாதத்தில் வெயில் பட்டால் வெயில் என்று தெரிந்தது. சோறு ருசித்தது. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். ஒரு வருடம் நன்றாக ஓடியது.

பிறகு எங்கள் தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் இந்த விஷயம் தெரிந்துவிட்டது. கூட்டத்தை நடத்தும் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"தங்கச்சி, நீ ஆண்டவர நம்புறியா, மாத்திரைய நம்புறியா? விசுவாசம் இருந்தா இன்னைக்கே வீசு."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். போகிற வழியிலேயே மாத்திரைகளைத் தண்ணீர் ஓடும் கானில் கொட்டினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உடம்பு நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. குமட்டியது. கண்ணை மூடினால் கெட்ட கனவு. இரண்டாம் வாரம் பழைய இருட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. மலையில் தலை சுற்றிக் கூடையோடு சரிவில் உருண்டேன். கூட வேலை செய்த பெண்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அண்ணன் பார்க்க வந்தார்.

"விசுவாசம் பத்தல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்த வலியைவிட அந்த வார்த்தை வலித்தது. நான் கோபத்தோடுதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, உம்மை நம்பித்தானே விட்டேன்! எனக்கு வழி காட்டும், இல்லாவிட்டால் என்னை விட்டுவிடும்!" அப்படியே கத்தினேன். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு யோசனை தெளிவாக வந்தது. மாத்திரையை வீசு என்று அவர் எப்போது சொன்னார்? மனுஷன்தானே சொன்னான்? அப்போதுதான் அடுப்படியில் நின்ற வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள. எழும்பு, டாக்டருகிட்ட போவோம்" என்றார்.

என் ஜெபத்துக்குப் பதில் அந்தக் குரலில்தான் வந்தது.

டாக்டர் சிங்களவர். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்.

"மருந்த திடீர்னு நிப்பாட்டினா ஒடம்பு இப்படித்தான் கஷ்டப்படும். உங்க மேல குத்தமில்ல. இப்ப திரும்ப எடுங்க. நல்லா ஆன பிறகு நாங்க கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம். அவசரம் வேணாம்."

அடுத்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நான் மாத்திரை எடுக்கிறேன். ஆண்டவரையும் நம்புறேன்" என்றேன். அண்ணன் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அண்ணே, ஒங்களுக்கு மலேரியா வந்தப்ப கொயினா குடிச்சீங்களே. அப்ப ஒங்க விசுவாசம் எங்க போச்சு?" என்று கேட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் முழுசாய்ச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நான் திரும்பத் தேறியதும், 1964 ஜனவரியில் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். இரண்டு மாதம் அப்படியே இருந்தேன். இரண்டாவதைக் குறைத்தபோது தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் அழுதேன். பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "பழைய அளவுக்குப் போங்க, காத்திருப்போம்" என்றார். தோற்றுவிட்டதாக நினைத்தேன். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் ஜெபிக்கவே கற்றுக்கொண்டேன். சீக்கிரம் விடுதலை தாரும் என்று கேட்பதை விட்டேன். இன்றைக்குப் பொறுமை தாரும் என்று மட்டும் கேட்டேன். தினமும் காலையில் வீட்டுக்காரர் தேத்தண்ணீரைக் கையில் கொடுத்து, "நல்லா தூங்குனியா?" என்று கேட்பார். உள்ளதைச் சொல்வேன். மூன்று மாதம் கழித்து இரண்டாவதைப் பாதி பாதியாகக் குறைத்தோம். இந்த முறை உடம்பு ஏற்றுக்கொண்டது. கடைசி மாத்திரையையும் அப்படியே. அந்தக் கடைசிப் பாதியை டிசம்பரில் விழுங்கினேன். அதற்குப் பிறகும் ஆறு மாதம் டாக்டரிடம் போய்க் காட்டினேன்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், மூத்தவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். ஜூன் மாதம் வந்தால் அழுவேன். அது நோயில்லை. என் பிள்ளைக்காக அழுகிறேன்.

என்னைப் போல் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யார் பேச்சையும் கேட்டு அதை வீசாதீர்கள். விட வேண்டுமென்று தோன்றினால் டாக்டரிடம் போங்கள். மெதுவாகக் குறைக்கும் ஒவ்வொரு நாளும் ஆண்டவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் அவசரப்படுத்துகிறவர் இல்லை. என்னோடு ஒரு வருடம் நடந்தார், உங்களோடும் நடப்பார். தனியாகப் போகப் பயமா? நான் கூட வருகிறேன்.

நாளைக்கே அந்த நோய் எனக்குத் திரும்ப வந்தால், திரும்பவும் மாத்திரை எடுப்பேன். எடுத்த கையோடு இங்கே வந்து நின்று அவரைத் துதிப்பேன். என்னை உட்காரச் சொல்ல யாராலும் முடியாது.