திட்டாத அம்மாவின் படம்

போன வாரம் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வழிமறித்தாள். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து, போட்டோ எடுத்த சார் நீங்கள்தானே என்றாள். முகம் பிடிபடவில்லை. கங்கம்மாவின் மகள் என்று சொன்னதும், பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

கங்கம்மா யாரென்று சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் வலை இல்லாமல், வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். பிடித்ததைப் போட ‘பறி’ என்று ஓர் ஓலைக்கூடை — அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்தால் வேறு என்ன செய்வது? இறால் எங்கேயோ, குடிசையும் அங்கே. இந்த மாதம் சுண்ணாம்புக்குளம், அடுத்த மாதம் ஆரம்பாக்கம் பக்கம். விலாசம் என்று ஒன்று கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இன்ஸ்டன்ட் கேமராவோடு அங்கே போயிருந்தேன். எடுத்த மறு நிமிஷம் படம் கையில்! ஆளாளுக்குக் கேட்டார்கள். பத்து ஃபிலிமில் எட்டு காலி. ஒன்றை, ஏரிக்கு வருஷா வருஷம் வரும் பூநாரைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

கங்கம்மா கேட்டது தனக்காக இல்லை. சண்டை போட்டுக்கொண்டு புருஷனோடு ஆந்திரப் பக்கம் போய்விட்ட மகளுக்கு அனுப்ப. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், எந்த கங்கம்மா என்று கேட்கிறார்களாம். கரைக்குப் பத்து கங்கம்மா!

நான் என்ன செய்தேன்? தலையை வாரச் சொல்லி, பறியைக் கீழே வைக்கச் சொல்லி, சிரிக்கவும் சொல்லி எடுத்தேன். படம் மெல்லத் தெளிந்து வர வர, கங்கம்மாவின் முகம் சுருங்கிப் போனது.

“பறியோட எடு நைனா. என் வாய்க்கு பயந்துதான் அவ போனா. பறியக் கடிச்சினு இருந்தா நான் திட்ட முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்.”

மிச்சம் ஒரே ஃபிலிம். பூநாரை அடுத்த வருஷமும் வரும் — வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பறியைக் கடித்தபடி நின்ற கங்கம்மாவை எடுக்கத் தண்ணீரில் இறங்கினேன்.

கிளிஞ்சல் ஏற்றிப் போகும் படகுக்கார பாய் ஒருவர் படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகிற கரையெல்லாம் காட்டுவதாகச் சொன்னார். நான் ஊருக்கு வந்து மறந்தே போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பாய் மறக்கவில்லை. எத்தனை கரையில் காட்டினாரோ... ஒரு மழைக்காலம் கழிந்து படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பார்த்ததும் மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த படகிலேயே புறப்பட்டுவிட்டாள்.

நான் எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். ஒன்றுகூட யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. கங்கம்மாவுக்கும் அந்த பாய்க்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அம்மா இப்போதெல்லாம் திட்டுவதில்லையா என்று மகளைக் கேட்டேன்.

“படகுலேர்ந்து எறங்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடுச்சு சார். அப்பறந்தான் வந்து சேந்துட்டோம்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு.”