கன்னியம்மாள் கடைப் படி இறங்கிய கதை

கன்னியம்மாளுக்குக் கடை ஏறத் தெரியும். வெறுங்கையோடு இறங்கத் தெரியாது. திருத்தணியில் எங்கள் எதிர்வீடு அவருடையது. எழுபதுகளில் எங்கள் தெருவில் யார் தலையில் சீப்பு ஓடினாலும், அது அநேகமாக அவர் வாங்கிவந்து, வைக்க இடமில்லாமல் கொடுத்த சீப்பாக இருக்கும். சோப்பு டப்பா, கரண்டி, ஊக்கு அட்டை, சாமி படம் எல்லாம் அப்படித்தான். ஒரு கடையில் கால் வைத்து, சரக்கை எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று இறங்கி வருவது அவரால் ஆகாத காரியம். கேட்ட பொருள் பிடிக்காவிட்டாலும் அந்தக் கடையிலேயே மலிவான ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டால்தான் அவர் கண்ணுக்குப் படி தெரியும்.

மலையடிவாரத்துக் கடைக்காரர்களுக்கு இது தெரிந்துபோயிற்று. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்து போன பிறகு, மிஞ்சிய சரக்கோடு உட்கார்ந்திருக்கும் வளையல் கடைக்காரர் அவரைப் பார்த்ததும், "சும்மா வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்பார். அந்தச் 'சும்மா'வில் கன்னியம்மாளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கூப்பிட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே நடக்கவும் முடியாது. அதனால் கடைத்தெருவில் நடுரோட்டில் தலையைக் குனிந்துகொண்டு போவார். பஸ்காரர்களிடம் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

ஒருமுறை கனகம்மாசத்திரத்தில் பஸ் பஞ்சராகி நின்றது. வெயிலுக்கு ஒரு கடைப் பந்தலில் ஒதுங்கினார். கடைக்காரர் மரியாதையாக முக்காலி எடுத்துப் போட்டுவிட்டார். அது விவசாயச் சாமான் விற்கிற கடை. பஸ் கிளம்பும்போது கன்னியம்மாள் கையில் ஒரு மண்வெட்டிக் காம்பு இருந்தது. அவர் புருஷன் கோதண்டம் நூல் கடையில் வேலை செய்தவர். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பார். குடும்பத்துக்குக் கையகல நிலம் கிடையாது. காம்பைப் பார்த்துவிட்டு அவர், "நெலத்த எப்ப வாங்கினு வரப்போற?" என்று மட்டும் கேட்டார். துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக்கொடுக்க அது கடைசி வரை உதவியது.

நாங்கள் எல்லோரும் இதை அசட்டுத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். காரணத்தை அவர் என் அம்மாவிடம் ஒருநாள் சொன்னார். கன்னியம்மாள் பிறந்தது பொதட்டூர்பேட்டை. கல்யாணத்துக்கு முன் அவரைப் பல பேர் பெண் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டில் தறியை நிறுத்துவார்கள், பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவார்கள், கேசரி கிளறுவார்கள். வந்தவர்கள் சாப்பிடுவார்கள். நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருக்கலாம். வாசலில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் சேதியோ என்று காத்திருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. வந்தவர்கள் போனதும் அவர் அம்மா எச்சில் தட்டுகளை எடுத்து அடுக்குவார். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லையாம். கடைக்காரன் எடுத்துக் காட்டிய சரக்கைத் திரும்ப எடுத்து வைக்கும்போதும் அதே சத்தம்தான் கேட்கிறது என்றார். என் அம்மா அதற்குப் பிறகு, சீப்பு வேண்டாம் என்று அவரிடம் சொன்னதில்லை.

எழுபத்தெட்டில் அவர் மகள் சந்திராவுக்கு வரன் பார்த்தார்கள். ஒரே பெண். தையல் படித்திருந்தாள். வரனைக் கொண்டுவந்தவர் கோதண்டத்தின் அக்கா ஜெயம்மாள். அரக்கோணத்தில் குடியிருந்தார், புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. மாப்பிள்ளைப் பையன் பஞ்சாட்சரம், அரக்கோணம் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தான். அப்பா இல்லை, அம்மா மட்டும். எல்லாம் பொருந்தி வந்தது. முன்கோபக்காரன் என்று மட்டும் யாரோ காதில் போட்டிருந்தார்கள். ஜெயம்மாளுக்கு இந்த விஷயத்தில் சூடு கண்ட அனுபவம் உண்டு. அவருடைய சொந்த மருமகன் பெண் பார்க்க வந்த அன்று வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவனாக இருந்தான். தாலி கட்டிய மாதமே சோற்றுத் தட்டை விசிறி அடித்தான்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு எல்லாரும் நல்லவன்தான். யாவாரம் படியாதப்ப மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கணும்," என்றார் ஜெயம்மாள். "என்னிய அவனுக்கு ஏற்கனவே தெரியும். கன்னியம்மா, நீ போ. கடையில இருக்கறத எல்லாம் எறக்கச் சொல்லு. ஒண்ணும் வாங்காம எறங்கி வா."

கோதண்டம் சிரித்துவிட்டார். "இவளா?"

"பொண்ணு வாழ்க்கைடா," என்றார் ஜெயம்மாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சந்திரா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலை நிமிராமல், "எனக்காக ஒரே ஒரு தடவ வெறுங்கையோட வாம்மா," என்றாள். கன்னியம்மாள் சரி என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜெயம்மாள் அவருடைய சுருக்குப்பையை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பகல் வேளை. கடையில் பஞ்சாட்சரம் மட்டும் இருந்தான். கன்னியம்மாள் தவலை கேட்டார். பிறகு குடம். பிறகு பரணில் இருந்த அண்டா. அவன் ஏணி வைத்து ஏறி, தூசியைச் சட்டையில் வாங்கிக்கொண்டு இறக்கினான். விரலை மடக்கித் தட்டி ஓசை காட்டினான். டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்தான்.

"கல்யாணத்துக்குங்களா?"

"ஆங்... பொண்ணுக்கு," என்றார். பொய் சொல்லாமல் தப்பித்ததில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்பன்னா இந்த லேசு சரக்கு வேணாங்க. சீக்கிரம் அடி போய்டும்," என்று சொல்லி, அவன் மறுபடியும் ஏணியில் ஏறினான்.

கடையில் கால் வைக்க இடமில்லாமல் பாத்திரம் பரவிவிட்டது. இனி எழுந்திருக்க வேண்டியதுதான். 'வேண்டாம்' என்பதை ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்தார். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"போய்ச் சொல்லி அனுப்புறோம்," என்றார்.

பஞ்சாட்சரத்தின் முகம் சுண்டியது. "சரிங்க," என்றான். அவ்வளவுதான். அது கோபமா, அலுப்பா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் கன்னியம்மாள் இல்லை. படி இறங்கிவிட்டார். வந்த காரியம் முடிந்தது. எதிரே பூக்கடை ஓரம் நின்ற ஜெயம்மாள், வா வா என்று தலையாட்டினார். பின்னால் அவன் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம் கேட்டது.

கன்னியம்மாள் திரும்பிப் படியேறினார்.

"தம்பி, நான் பாத்திரம் வாங்க வரல. திருத்தணிலேர்ந்து வரேன். ஜெயம்மா சொன்ன பொண்ணுக்கு அம்மா. உங்க கொணம் எப்டின்னு பாக்க வந்தேன். சும்மா ஏணில ஏத்தி எறக்கிட்டேன். மனசு கேக்கல."

அவன் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தான். "எனக்குப் பரீச்ச வெச்சீங்களா?" என்றான். குரலில் கோபம் இருக்கத்தான் செய்தது. கன்னியம்மாள் தலையாட்டினார். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "நானும் நாலு வீட்ல கேசரி சாப்ட்டுட்டு இதே வார்த்தையச் சொல்லிட்டு வந்துகினு இருக்கறவன்தாங்க. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணுங்கள நெனச்சதுகூட இல்ல."

"எங்க வீட்ல அதச் சொல்லாதீங்க. புடிச்சா புடிச்சிருக்குன்னு சொல்லுங்க. புடிக்கலன்னா என் மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டு எறங்கிடுங்க. என் பொண்ணக் காக்க வெக்காதீங்க, அது போதும்."

நடந்ததைக் கேட்டதும் ஜெயம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொண்ணப் பெத்தவ எவளாவது இப்டிப் போய் ஒடச்சிச் சொல்லுவாளா? சுருக்குப்பைய வாங்கி வெச்சிக்கினேன், வாய வாங்கி வெச்சிக்காம போய்ட்டேன்," என்று ஸ்டேஷன் வரை ஏசிக்கொண்டே வந்தார்.

அந்த மாதமே பஞ்சாட்சரமும் அவன் அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். நாற்காலி எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. அதனால் எனக்கும் உள்ளே நிற்க உரிமை இருந்தது. சந்திரா வந்தாள், நமஸ்காரம் செய்தாள். கேசரி சாப்பிட்டார்கள். அவன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "போய்ச் சொல்லி..." என்று ஆரம்பித்தார்.

"இரும்மா," என்றான் பஞ்சாட்சரம். கன்னியம்மாளுக்கு நேரே வந்து நின்றான். "எனக்கு மனசு ஒப்பலைங்க. பொண்ணு மேல கொற ஒண்ணுமில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க," என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

கூடத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கோதண்டம் முறைத்தார். காரணத்தை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கன்னியம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"சரிங்க தம்பி. தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

அவர்கள் போன பிறகு சந்திரா அடுப்பங்கரையில் போய் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவோடு சேர்ந்து தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். கோதண்டம் இன்னும் பஞ்சாட்சரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"உடு நைனா," என்றாள் சந்திரா. "நாளைலேர்ந்து வாசலப் பாத்துக்கினு ஒக்கார வேணாம்."

கன்னியம்மாள் அடுக்கிக்கொண்டிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த தையில் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் வைத்திருந்த ஒரு வீட்டில் சந்திராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சீர்ப் பாத்திரம் வாங்கக் கன்னியம்மாள் அரக்கோணம் போனார், பஞ்சாட்சரம் கடைக்கேதான். உலகத்தில் வேறு பாத்திரக் கடையே இல்லையா என்று கேட்ட ஜெயம்மாளும் கூடப் போனார். பஞ்சாட்சரம் கேட்காமலே ஏணியை எடுத்தான். தவலை, குடம், டிபன் கேரியர் வாங்கினார்கள். அண்டாவை இறக்கி வைத்தான். கன்னியம்மாள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார்.

"இது வேணாங்க தம்பி. புடிக்கல," என்றார்.

"சரிங்கம்மா," என்று அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். அண்டா பரணில் உட்காரும் சத்தம் கேட்டபோது கன்னியம்மாள் பாதிப் படி இறங்கியிருந்தார், திரும்பவில்லை என்று ஜெயம்மாளே என் அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சீப்பு வரவில்லை. நாங்களே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.