கண்ணு என்றொரு விரிசல்

துபாயில் கோடைக்காலத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டும். மாடித் தொட்டியில் வெயில் காய்ச்சி வைத்திருக்கும். எண்ணெயில் மிதக்கிற ஊருக்கு ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் தரத் துப்பில்லை. இது தெரிந்தும், தேரா பகுதியில் எங்கள் ஆபீஸின் ஏசிக் குளிரில் கிடந்த ஜப்பான் கிண்ணத்தை, தூசு போகட்டும் என்று அந்தக் குழாயில் காட்டினேன். ‘டிங்’ என்றது. பார்த்தால் உடம்பெல்லாம் கீறல்.

எங்கள் கம்பெனிக்குப் பம்பு விற்க வந்த ஜப்பான்காரர் தனாக்கா, என் விசாவைக் கையில் வைத்திருக்கும் கஃபீலுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த பரிசு அது. கையால் வனைந்ததாம். நிறம் சீனத்துப் பச்சையாம், உள்ளே பறக்கும் வெள்ளைக் கொக்குகள் கொரியா வேலையாம், மண் மட்டும் அவர் ஊர் மண்ணாம். மூன்று தேசத்துக் குயவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தது கீரை வெந்த தண்ணீரின் நிறம். இந்தச் சட்டிக்காகவா என் வேலை போக வேண்டும்? நாற்பத்தைந்து வயதில், தொப்பையும் டையுமாக, கீறல்கள் மேல் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தனாக்கா உள்ளே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கன்னியூ” என்று சிரித்தார். என் காதில் விழுந்தது “கண்ணு”.

கோயம்புத்தூர் மில்லில் எங்கள் மேஸ்திரி வாயைத் திறந்தால் வசவுதான். அவர் “கண்ணு” என்றால் சோலி முடிந்தது என்று அர்த்தம். “கண்ணு, நாளைல இருந்து நீ வரவேண்டாஞ் சாமி” என்று கொஞ்சித்தான் என்னைக் கேட்டுக்கு வெளியே விட்டார். அங்கிருந்து தப்பிக் கடல் தாண்டி வந்தால், ஜப்பான்காரனும் அதே பாடத்தைப் படித்திருக்கிறான்.

“சார், வாட்டர் ஹாட் சார். நாட் மீ சார்.”

“யெஸ். கன்னியூ. வெரி குட்.”

“நோ கண்ணு சார். ஐ ஹேவ் ஃபேமிலி சார்.”

அவர் கிண்ணத்தை என் காதில் வைத்தார். இன்னொரு ‘டிங்’. கச்சேரி கேட்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் விளங்கியது: மேல்பூச்சு தானாக விடும் விரிசலுக்கு அவர்கள் பாஷையில் கன்னியூ என்று பெயர். சூளையிலிருந்து வரும்போதே இருக்குமாம். சூடு பட்டால் இன்னும் விடுமாம். அதற்காகவே வாங்குகிறார்களாம். என் எச்சில்தான் வீண்.

தனாக்கா கிளம்பிய பின் கஃபீல் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். தங்க விளிம்பு வைத்த கோப்பைகளை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் ரசிகர் அவர். “கர்பான்” என்றார், உடைந்த சாமான் என்று. “கலாஸ். தும் லே ஜாவ்.” முடிந்தது, நீயே எடுத்துப் போ என்று அது என் தலையில் விழுந்தது.

லீவில் ஊருக்கு எடுத்துப் போனேன். “ஏனுங்க, விரிசல் உட்டதையா இத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க? ஊட்டுக்குள்ள வெக்காதீங்க, ஆகாது” என்றாள் மனைவி.

“அது விரிசல் இல்ல, கன்னியூ.”

“கொஞ்சறதெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல அதை வெளிய வைங்க.”

வேட்டியில் சுற்றித் திரும்பத் துபாய்க்கே கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் அதற்கு இடமில்லை. இந்த ரூமில் எனக்கே ஒரு கட்டில்தான். கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் கிடக்கிறது. ஏசி நின்றுபோய் வெக்கை ஏறும் மத்தியானங்களில் கீழேயிருந்து ‘டிங்’ என்று கேட்கும்.

“சொல்லு கண்ணு” என்பேன், படுத்தபடியே.