இடது பக்கம் மட்டும் துடைத்த லாரி

எழுத எனக்குச் சரியாக வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்த் தட்டுப்பாட்டு நாட்களில் என் கடைசி மகளுக்குப் பிரசவ வலி வந்தது. ஓடும் நிலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய அமெரிக்க லாரி ஒன்றுதான். மகளை நடுவில் உட்காரவைத்து, இடது கதவோரம் நான் ஏறிக்கொண்டேன். மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மழை கொட்டியது. வைப்பர் என் பக்கத்துக் கண்ணாடியை மட்டுமே துடைத்தது.

“ஸ்டியரிங்க வலப்பக்கம் வச்சு, நம்ம மாதிரி நாட்டுக்குக் கொஞ்சம்தான் செஞ்சாங்களாம். வைப்பர மாத்த மறந்துட்டாங்க போல,” என்றார் டிரைவர். “எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீங்கதான் ரோட்டப் பாத்துச் சொல்லணும்.”

வேலை வாங்கும் கங்காணி திட்டினாலும் வாய் திறக்காதவள் நான். பாதையின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே நீர்த்தேக்கம். எது இடது, எது வலது என்றே அப்போது புத்தியில் நிற்கவில்லை.

“மேல போங்க,” என்று முனகினேன். கொழுந்து எடுக்கும்போது மலைப்பக்கத்தை மேல என்றும் பள்ளத்துப் பக்கத்தைக் கீழ என்றும்தான் நாங்கள் சொல்வோம்.

“சத்தமா சொல்லும்மா, அவருக்குக் கேக்கல,” என்று மகள் என் மணிக்கட்டை நெரித்தாள்.

“கீழ போவுது, மேல ஒடிங்க, மேல,” என்று கத்தினேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதானே, உடனே மலைப்பக்கம் ஒடித்தார். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் சிரித்தார். “இந்த வாய இத்தன நாளு எங்கம்மா வச்சிருந்தீங்க?”

நர்ஸ் மகளின் வயதைக் கேட்டபோது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் விரல்களால் எண்ணிக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது.

அந்த மாதிரி லாரி நிஜமாகவே கொஞ்சம்தான் செய்தார்களா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, பிழையிருந்தால் திருத்துங்கள்.