அண்ணியின் நைனா

"நைனா, லாரிக்காரன் கையக்கூடக் காட்டாம திரும்பறான், பாத்துக்கோ." அண்ணியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முதல்முறை போனபோது, இதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைனா என்றால் அப்பா; அண்ணியைப் பெற்றவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அண்ணி கூப்பிட்டது ஆண்டவரை. சர்ச்சில் எல்லோரையும்போலக் கண்ணை மூடி, 'பரம பிதாவே, உம்மைத் துதிக்கிறோம்' என்றுதான் ஜெபிப்பார். வாசல்படி இறங்கியதும் பிதா நைனாவாகிவிடுவார். சட்னிக்கு உப்பு போதாததிலிருந்து செருப்பு கடிப்பது வரை சகலமும் அவர் காதுக்குப் போகும்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தெலுங்குக்காரர், "நைனா, சாவிய எங்க வச்சேன்?" என்று உள்ளே அண்ணி கேட்பது காதில் விழுந்ததும், வீட்டுப் பெரியவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று வாசலில் காத்து நின்றார். "நைனா உள்ளேதான் இருக்கார், ஆனால் கையெழுத்துப் போடமாட்டார்" என்று அண்ணி சிரிக்காமல் தெலுங்கில் சொல்லி அனுப்பினார். படித்தவள் என்ற மிதப்பில் எனக்கு மானம் போயிற்று. "உலகத்தையே பாத்துக்கறவருக்கு உங்க சட்னிதான் முக்கியமா அண்ணி?" என்று கேட்டேன். "வீட்ல இருக்கறவர்கிட்ட சொல்லாம, பின்ன யார்கிட்ட சொல்றது?" என்றார், தாளிப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிரசவத்துக்கு நான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. பகலெல்லாம் எனக்குத் துணை அண்ணிதான். சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து டிபன் கேரியரோடு வந்துவிடுவார். எனக்கு ஜெபமே வரவில்லை. அண்ணியோ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "காணிப்பாக்கம் கிராஸ்ல இன்னா கும்பல் நைனா, நிக்கக்கூட எடமில்ல. இன்னைக்கு இட்லி கல்லாட்டம் ஆயிடுச்சி, இவ எப்படித் துன்னப்போறாளோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இட்லிய விட்டுட்டு, என் கொழந்தையக் காப்பாத்தச் சொல்லிக் கேளுங்களேன்" என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார். அண்ணி கோபப்படவில்லை. "அத விடிகாலையிலேயே கேட்டுட்டேம்மா. அவரும் நம்மகூடத்தான் இங்க உக்காந்துகினு இருக்காரு. அவர்கிட்ட பேசாம எப்படி இருக்கறது?" பெஞ்சின் மறுகோடியைப் பார்த்தேன். அங்கே எங்கள் துணிப்பைதான் இருந்தது.

பதினோராம் நாள் குழந்தை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து அண்ணி வாயைத் திறக்கவில்லை. சமைத்தார், எனக்குத் தலை வாரிவிட்டார், துணி மடித்தார். நைனா என்ற ஒரு சொல் என் காதில் விழவில்லை. என் மகள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை, அதனால் அவள் இல்லாத குறை சுவர்களில் தெரியவில்லை. அண்ணியின் பேச்சு இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. கடவுள் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதையே நான் அண்ணியின் குரலை வைத்துத்தான் நம்பியிருக்கிறேன். கேலி செய்தபோதெல்லாம் உள்ளூர அதில் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இன்று நான் திருப்பதியில் வேலைக்குப் போகிறேன். கூட்ட பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நைனாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் போனில் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் தொடங்கியது அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலையில். வீட்டுப் பின்பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே அண்ணியின் குரல் மெல்லக் கேட்டது. போய்க் கதவோரம் நின்றேன். அண்ணி முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு சட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் உன்கூடப் பேசமாட்டேன் நைனா. நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன். நீ எவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தாலும் பேசமாட்டேன்."

குழந்தை போன பிறகு எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். ஈரத்தரையில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்து வைத்த ஒரு தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

"நானும் பேசமாட்டேன் நைனா" என்றேன்.