குசினிக்குப் பின்னால் ஒரு வெல்டிங் மெசின்

வெல்டிங் பழகத் தொடங்கினால் முதலில் இரும்போடு இரும்பு ஒட்டாது, கையில் பிடித்திருக்கும் வெல்டிங் கம்பி, றொட்தான் போய் ஒட்டும். வீட்டில் தனியாகப் பழகி அவதிப்பட்டவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

என் கணவர் துறைமுகத்தில் வெல்டர். சண்டைக் காலத்தில் அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டில் சமைக்கிற குசினிக்குப் பின்னால் நின்ற மெசினை விற்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பின்கதவின் இரும்புக் கிறில் உடைந்து கிடந்தது. ஒட்டித் தருகிறேன் என்ற ஆள் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தான். பொம்பிளை தனியாக இருக்கிற வீட்டில் கதவு அப்படிக் கிடந்தால் நித்திரை வருமா? அவர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்த துணிவில், விற்காமல் கிடந்த மெசினை நானே போட்டேன்.

மங்கிப்போன நாடகம்

றொட் இரும்பில் பட்டதும் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், ஆட்டினேன், வரவில்லை. மெசின் உறுமியது. பக்கத்து வீடுகளில் பல்ப் மங்கி, ஃபேன் சோர்ந்துபோனது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சோமாக்கா எட்டிப் பார்த்தார். சிங்களப் பெண், எங்களோடு பழகித் தமிழ் கதைப்பார்; என்னை 'நங்கி', தங்கச்சி என்பார். அவருடைய டீவியில் படம் சுருங்கிவிட்டதாம். நான் றொட்டை முறித்து எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "நங்கி, என்ன வேணும் எண்டாலும் ஒட்டு. என்ட நாடகம் போற நேரம் மட்டும் ஒட்டாத."

கண்ணுக்குள் மணல்

முகமூடி இல்லை. கணவரின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காலை முழுக்க ஒட்டினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் அந்தோனியார் கோயிலில் நவநாள் செபத்துக்கு முழந்தாளில் இருந்தபோதுதான் தொடங்கியது. மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்ட மாதிரி எரிச்சல், கண்ணீர் நிற்கவில்லை. துபாயிலிருந்து கெட்ட செய்தி வந்துவிட்டது என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி வந்து விசாரித்தார். விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "முதல்ல முகமூடி வாங்கு மகள். மற்றதை அந்தோனியார் பார்த்துக்கொள்வார்."

வாங்குக்கு ஒரு கால்

கொழும்பில் எங்கே குண்டு வெடிக்குமோ என்று எல்லோரும் பயந்திருந்த நாட்கள். தமிழ் வீட்டு முற்றத்தில் நீல வெளிச்சம் அடிக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் ஆமிக்காரரோடு வந்து நின்றார். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, யார் ஒட்டுவது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை, ஒட்டிக் காட்டச் சொன்னார். இந்தப் பிள்ளையைத் தனக்குத் தெரியும் என்று சோமாக்கா மதிலடியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கை நடுங்கினால் றொட் பிடித்துக்கொள்ளும்; பிடித்துக்கொண்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒட்டு ஒரே கோடாக அறாமல் ஓடியது. சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, குரலைத் தணித்து மரியாதையாகக் கேட்டார்: "நோனா, ஸ்டேசன்ல ஆக்கள் இருக்கிற வாங்குக்கு ஒரு கால் இல்லை. நாளைக்கு அனுப்பிவிடவா?"

ரீச்சரின் ஜன்னல்

காசு தந்து ஒட்டச் சொன்ன முதல் வாடிக்கையாளர், வெள்ளவத்தையில் மாடி வீடு வாடகைக்கு எடுத்திருந்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ரீச்சர். ஜன்னலில் கிறிலைப் பொருத்தி முடித்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பிறகு கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு ஒட்டாகத் தடவிப் பார்த்தார். "பாக்க வடிவில்லை, பிள்ளை," என்றார். "ஆனா ஊரில சண்டையில எங்கட வீடு போனமாதிரி இது லேசில போகாது."

சென்ட்டுக்குப் பக்கத்தில்

கணவர் லீவில் வந்தார். நேரே பின்கதவுக்குப் போய், கிறிலில் நான் ஒட்டிய கட்டிகளைப் பெருவிரலால் சுரண்டினார். பெட்டியைத் திறந்தார். சென்ட் போத்தலுக்குப் பக்கத்தில், என் கைக்கு அளவாகத் தோல் கையுறை. "கஸ்டம்ஸ்ல இது ஆருக்கு எண்டு கேட்டான்," என்றார். "என்ட மனுசிக்கு எண்டன். உடன பெட்டியை மூடச் சொல்லிட்டான்."

கணக்குப் பார்த்தால், அந்த வருசங்களில் நான் ஒட்டிக் கொடுத்த கிறில்களைவிட, தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த என் கவுன்கள்தான் கூடுதல்.