பலகையில் மாறிய சொல்

என் மாமாவுக்கு, ஒன்றுபோல் தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்வதில் அப்படியொரு பெருமை. 'ஹவுஸ்' வேறு, 'ஹோம்' வேறு என்பார். 'ஹியர்' வேறு, 'லிசன்' வேறு. மலேசியாவில், கிள்ளான் பக்கம், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிற்றூரில் அவருக்கு மட்டும்தான் இந்த வித்தியாசமெல்லாம் தெரியும். அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, நிலத்தை வாங்கிய கம்பெனி கோயிலுக்கு எதிரே ஒரு பலகையை நட்டது. 'எவிக்ஷன்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. வீடுகளைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடி பிளாட்டுக்குப் போக வேண்டுமாம். கம்பமே கொதித்தது. திங்கட்கிழமை எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்து, வீடு இடிக்க வரும் லோரிகளை மறிப்பதென்று முடிவானது.

அதைக் கேள்விப்பட்டு கம்பெனி ஆள் பேச வந்தான். அவனும் தமிழன்தான். மாமா முன்னால் போய் நின்றார்.

"பாஸ், எவிக்ஷன்னா கழுத்தப் புடிச்சு வெளிய தள்றது. நாங்க என்ன திருடனுங்களா? ரீலொக்கேஷன்னு போடுங்க, வேற எடத்துல குடி வைக்கிறது. அதான் மரியாத."

"அவ்ளோதானே அங்கிள்? மாத்திடலாம் லா," என்று அவன் சிரித்தான்.

மறுநாளே புதுப் பலகை வந்தது. மாமா சொன்ன சொல், பச்சை எழுத்தில். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். மாமாவுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கோழிக்கறி சமைத்தார்கள். கறிக்கு எங்கள் வீட்டுக் கோழிகள். பிளாட்டில் வளர்க்க முடியாதே என்று அம்மாதான் பிடித்துக் கொடுத்தாள். அவள் மட்டும் கேட்டாள்.

"டேய், போர்டு மாறிடுச்சு. வீடு நிக்குமா?"

"மொதல்ல மரியாதக்கா. மத்ததெல்லாம் அப்புறம்."

திங்கட்கிழமை ரோட்டில் ஒருவரும் உட்காரவில்லை. ஜெயித்த பிறகு யார் உட்காருவார்கள்?

லோரிகள் வந்தன. பின்னாலேயே புல்டோசரும் வந்தது. எங்கள் சமையலறைச் சுவர் முதலில் விழுந்தது. அம்மா சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். மாமா பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஓடிப்போய் புல்டோசர்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே, போர்டு மாத்தியாச்சு! நீங்க பாக்கலயா?"

அவர் பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"தள்ளிப் போ பாப்பா, தூசி," என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு வண்டியைத் திருப்பினார்.

பாவம், அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.